மரத்தூள் அடுப்பும் மகள் வீட்டுக் குளிரும்



போன வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் பேத்தியோடு சேர்ந்து மரத்தூள் அடுப்பு மூட்டுகிற படம் ஒன்று போட்டிருந்தேன். "டீச்சர், கேஸ் அடுப்பு இருக்கும்போது இது எதுக்கு?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் மூன்று வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மகள், வீட்டைச் சூடாக்க எதை எரிப்பது என்று முடிவு செய்ய வேண்டி வந்தது. அதற்காக நான் தேடிப் படித்த சரித்திரமும் இதில் சேர்ந்தே வரும். நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

2022 அக்டோபரில் மகள் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சிறிய மாநிலம். அதில் நாஷுவா என்ற ஊருக்குப் பக்கம் வீடு. நவம்பரில் பிடிக்கிற குளிர் ஏப்ரல் வரை விடாது. ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 10, 15 டிகிரி என்பது பேச்சுக்கே வராத சமாசாரம். அங்கே வீட்டுக்குள் சூடு இருப்பதை வசதி என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் சூடு நின்றுபோனால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும்.

அவர்கள் வாங்கியது பழைய வீடு. தரைக்குக் கீழே உள்ள அறையில் ஒரு எண்ணெய் பாய்லர், பக்கத்தில் 275 காலன் பிடிக்கிற இரும்புத் தொட்டி. அந்த எண்ணெய் கிட்டத்தட்ட நம் டீசல்தான். வரி வித்தியாசம் தெரிவதற்காகச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். ஒரு குளிர்காலத்துக்கு அவர்கள் வீட்டுக்கு 700 காலன் வேண்டும். உக்ரைன் யுத்தம் தொடங்கிய வருஷம் அது. காலன் விலை 5 டாலரைத் தாண்டிவிட்டது. 700 காலனுக்கு 3,500 டாலர். வீட்டுக் கடனும் கட்டி, குழந்தையை வைத்துக்கொண்டு, அதையும் கட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் தினமும் இதே பேச்சு.

ஒருநாள் மாப்பிள்ளை என் உள்ளங்கையில் எதையோ கொட்டினார். "அத்தை, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

சுண்டுவிரல் கனம்கூட இல்லை. அரை அங்குலம், ஒரு அங்குல நீளத்தில் பழுப்பாக வழவழவென்று துண்டு துண்டாக இருந்தது. "மாட்டுக்கு வைக்கிற குச்சித் தீவனம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"இல்ல அத்தை, ரம்பத்தூள். அழுத்திக் கட்டியாக்கினது. பெல்லட்னு பேர். இதை எரிக்கிற அடுப்பு ஒண்ணு வாங்கி ஹாலில் வைக்கலாம்னு பார்க்கிறேன். அந்த பாய்லரையே கழற்றிடலாம்."

மகள் முகத்தில் சம்மதம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். பேத்திக்கு அப்போது நாலு வயது. மழையில் நனைந்தாலும் வீசிங், பூனையைத் தொட்டாலும் வீசிங். மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, நீதானே மரத்தூள் அடுப்புல வளர்ந்தவ. நீ சொல்லு."

சொல்வதற்கு முன்னால் என் அம்மாவின் அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் செங்கோட்டை. மரத்துக்குப் பேர் போன ஊர். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் மரத்தை அறுக்கிற மில்களின் சத்தத்தில்தான் நாங்கள் கண்விழித்தோம். அறுபதுகளின் கடைசி. மண்ணெண்ணெய் ரேஷனில் அளந்து கிடைக்கும், விறகு விலை ஏறிக்கொண்டே போகும். யாரோ சொல்லி அம்மா ஒரு தகர அடுப்பு வாங்கி வந்தாள். வாளி மாதிரி இருக்கும், அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரு கட்டையைச் செருகி, நடுவில் ஒரு சோடா பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி உலக்கைக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பிறகு பாட்டிலை மெல்லத் திருகி உருவினால் நடுவில் கிணறு மாதிரி ஒரு துவாரம் நிற்கும். கட்டையையும் உருவிவிட்டு அடியில் தீ வைத்தால் மேலே நீல நாக்கு எழும். மூன்று மணி நேரம் ஒரே சீராக நின்று எரியும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம்.

இறுக்குவது என் வேலை. லேசாக இறுக்கினால் பாட்டிலை உருவும்போதே சரிந்துவிடும். அம்மாவிடம் அடி விழும். தூளில் ஈரம் இருந்தால் புகைதான். ஐப்பசி கார்த்திகையில் மில் தூள் முழுக்க ஈரம். எங்கள் அடுக்களைக்குப் புகைபோக்கி கிடையாது. அம்மாவுக்கு ஐம்பது வயதுக்குள் இளைப்பு வந்துவிட்டது. டாக்டர் பீடி குடிப்பீங்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இருமல் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. முதலில் மில்லில் தூளைச் சும்மாதான் கொடுத்தார்கள். "அள்ளிட்டுப் போங்க தாயி, இடம் காலியானா சரி" என்பார்கள். தெருவில் பத்து வீட்டுக்கு அந்த அடுப்பு வந்ததும் மூட்டை நாலணா ஆயிற்று. நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் முக்கால் ரூபாய். அப்புறம் செங்கல் சூளைக்காரர்கள் வண்டியோடு வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆகவே மகள் கேட்டபோது என் வாயில் வந்தது "வேண்டாம்" என்ற சொல்தான். ஆனால் பயத்தில் சொல்கிறேனா, தெரிந்து சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். "நாலு நாள் டைம் குடு" என்றேன். மகள் வேலைக்குப் போகும் வழியில் என்னை ஊர் நூலகத்தில் இறக்கிவிடுவாள். என் ஆங்கிலம் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்ற ஆங்கிலம். கைப்பேசி அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்தேன். நாலு நாள் பத்து நாளாயிற்று.

அந்தப் பகுதியில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு மரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆள் குனிந்து உள்ளே போகிற அளவுக்குக் கணப்பு கட்டினார்கள். கொழுத்துகிற விறகின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போயிற்று. நெருப்பைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 30, 40 கார்டு விறகு. கார்டு என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் அடுக்கிய விறகு. நம் வீட்டு ஹாலில் ஒரு கார்டு அடுக்கினால் நடக்க இடம் இருக்காது. அதில் நாற்பது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்குள் பாஸ்டனைச் சுற்றி விறகு அருகிவிட்டது. வடக்கே மெய்ன் கடற்கரையிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1742இல் இரும்பில் ஒரு கணப்பு செய்தார். 1744இல் அதை விளக்கி ஒரு சிறு நூலும் போட்டார். முன்பு வாசலிலேயே கிடைத்த விறகு இப்போது சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து வருகிறது என்று அதில் எழுதுகிறார். காப்புரிமை தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனிதர் பெரிய மனிதர்தான். ஆனால் அவர் செய்த முதல் வடிவம் புகையைச் சரியாக இழுக்கவில்லை. பிறகு வந்தவர்கள்தான் அதைத் திருத்தினார்கள்.

எனக்குப் பிடித்துப்போனது இன்னொருவர். பெஞ்சமின் தாம்சன். பாஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஊபர்ன் என்ற ஊரில் 1753இல் பிறந்தவர். 1772இல், பத்தொன்பது வயதில், நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கான்கார்டு என்ற ஊருக்குப் பள்ளிக்கூட வாத்தியாராக வந்தார். நம் இனம்! அந்த ஊரின் பழைய பெயர் ரம்ஃபோர்டு. மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வந்த வேகத்தில் அந்த ஊர்ப் பணக்கார விதவை ஒருவரை மணந்துகொண்டார். சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடினார். அந்த வகையில் எனக்கு அவர்மேல் மரியாதை கிடையாது. பிறகு ஜெர்மனியில் பவேரிய மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து பிரபுப் பட்டம் பெற்றபோது, தான் வாத்தியாராக இருந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டார். ரம்ஃபோர்டு பிரபு. பீரங்கிக் குழாயைக் குடையும்போது கிளம்புகிற சூட்டைப் பார்த்து, சூடு என்பது ஒரு பொருளாக இருக்க முடியாது, அது அசைவுதான் என்று சொன்னவர் இவர்தான்.

1796இல் லண்டனில் இவர் கணப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புது அடுப்பு எதையும் விற்கவில்லை. இருக்கிற கணப்பின் ஆழத்தைக் குறையுங்கள், இரண்டு பக்கச் சுவரையும் சாய்வாக்குங்கள், புகை போகும் தொண்டையைக் குறுக்குங்கள் என்றார். சாய்ந்த சுவர் சூட்டை அறைப்பக்கம் திருப்பும். குறுகிய தொண்டை புகையை வேகமாக இழுக்கும். கொத்தனார் இரண்டு நாளில் செய்துவிடுகிற வேலை. அதே விறகில் அறை சூடாயிற்று, புகையும் அடங்கியது. நூலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்கள் தகர அடுப்பின் நடுத் துவாரம் ஞாபகம் வந்தது. எதை எரிக்கிறோம் என்று கேட்பதற்கு முன்னால் சூடு எங்கே போகிறது என்று கேட்ட மனுஷன் அவர். அன்று மாலை மகளிடம், "உங்க வீட்டுல சூடு எது வழியா வெளியே போகுது?" என்று கேட்டேன். "தெரியலையேம்மா" என்றாள்.

நிலக்கரிக் காலத்தை அதிகம் இழுக்கப் போவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் கடினக் கரி வந்தது, விறகு பின்னால் போனது. 1902இல் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் மே முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலம் வந்துவிடுமே என்று நாடே நடுங்கியது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் நேரில் தலையிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கரியை எண்ணெய் தள்ளியது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1977 பிப்ரவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டுச் சூட்டைப் பகலில் 65, இரவில் 55 பாரன்ஹீட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். அந்த நாட்களில் நியூ இங்கிலாந்தில் விறகடுப்பு மறுபடி வீட்டுக்குள் வந்தது.

ரம்பத்தூள் கதைக்கு வருவதற்கு முன்னால் மெட்ராஸைத் தொட்டுவிட்டு வர வேண்டும். சென்னைக் கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போதெல்லாம் அதைக் காட்டுவேன். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842இல் கட்டியது. பாஸ்டன் வியாபாரி பிரடெரிக் டியூடர், நியூ இங்கிலாந்துக் குளங்களில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் நம் நாட்டுக்கு அனுப்பினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நாலு மாதம் பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டிப் போயும் சுமார் 100 டன் மிஞ்சியது. மெட்ராஸுக்கும் அப்படித்தான் வந்தது. உருகாமல் காத்தது எது? மர மில்களின் ரம்பத்தூள்தான். ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்த தூளை ஐஸைச் சுற்றி அடைத்தார்கள். எத்தனை வருஷம் அந்தக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்! தூளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத் தெரியாது.

குப்பை என்று ஒதுக்கிய தூளுக்கு அது ஒரு காலம். இனி அடுத்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில், மர மில்கள் தூளையும் பட்டையையும் ஒழிப்பதற்கென்றே கூடாரம் போன்ற பெரிய இரும்புச் சூளைகளை வைத்திருந்தன. ஒன்றுக்கும் பயனில்லாமல் இரவும் பகலும் எரியும். காற்று மாசுச் சட்டங்கள் இறுகியதும் அந்தச் சூளைகளை மூட வேண்டியதாயிற்று. தூள் மலையாகக் குவிந்தது. அதே சமயம் எண்ணெய் விலையும் ஏறிக் கிடந்தது. 1970களின் நடுவில் ஆரிகனில் பிரவுன்ஸ்வில் என்ற சிறிய ஊரில், கால்நடைத் தீவனம் பிழிகிற மாதிரியான இயந்திரத்தில் மரத்தூளைப் பிழிந்து எரிபொருளாக்கினார்கள். குச்சித் தீவனம் என்று நான் சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

செய்முறை எளிது. தூளின் ஈரத்தை 10 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துகிறார்கள். பிறகு துளையுள்ள எஃகு அச்சு வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். அந்தச் சூட்டில் மரத்திலேயே இருக்கிற லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது பசை மாதிரிப் பிடித்துக்கொள்கிறது. வேறு பசை வேண்டாம். அம்மா உலக்கைக் கட்டையால் என்னை இடிக்கச் சொன்னதும் ஈரத் தூளைத் திட்டியதும் இதே இரண்டு விஷயத்துக்காகத்தான். உலர்வும் இறுக்கமும்.

முதலில் அந்தக் குச்சிகள் தொழிற்சாலை பாய்லர்களுக்குத்தான் போயின. வீட்டுக்கான அடுப்பை 1980களின் தொடக்கத்தில் செய்தவர் ஜெர்ரி விட்ஃபீல்டு, விமானம் கட்டும் போயிங் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். மேலே ஒரு தொட்டி. அதில் மூட்டையைக் கொட்டினால் திருகாணி மாதிரி ஒரு தண்டு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்கு ஊட்டும். ஒரு காற்றாடி நெருப்புக்குக் காற்றைத் தரும், இன்னொன்று சூட்டை அறைக்குள் தள்ளும். விறகைவிட இதில் புகை மிகக் குறைவு. 1988இல் அமெரிக்க அரசு விறகடுப்புகளுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது பெரும்பாலான பெல்லட் அடுப்புகள் அந்த வரம்புக்கே வெளியே இருந்தன. 2015இல்தான் இவற்றையும் விதிக்குள் சேர்த்தார்கள்.

இதுவரை படித்ததும் மனது மாப்பிள்ளை பக்கம் சாய்ந்துவிட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் நிலத்தின் 80 சதவீதத்துக்கு மேல் காடு. ஜாஃப்ரி என்ற ஊரில் பெல்லட் ஆலையே இருக்கிறது. அரபு நாட்டை நம்ப வேண்டாம், ரஷ்யாவைப் பார்க்க வேண்டாம், பக்கத்து ஊர் மரத்தூள்! கணக்கும் சாதகமாகத்தான் இருந்தது. ஒரு டன் பெல்லட் ஏறக்குறைய 120 காலன் எண்ணெய்க்குச் சமமான சூடு தரும். 5 டாலர் விலையில் 120 காலன் 600 டாலர். பெல்லட் டன் 380 டாலருக்குக் கேட்டு வைத்திருந்தார் மாப்பிள்ளை.

அதற்குப் பிறகு படித்ததுதான் யோசிக்க வைத்தது.

2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் எண்ணெயும் எரிவாயுவும் விலை ஏறின. ஜனங்கள் பெல்லட் அடுப்பு வாங்க ஓடினார்கள். அந்தக் குளிர்காலத்தில் பல இடங்களில் பெல்லட் மூட்டையே கிடைக்கவில்லை. 2008 கோடையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது, மறுபடி அதே ஓட்டம். இந்தத் தடவை இன்னொரு சிக்கல். வீட்டுக் கடன் நெருக்கடியில் புது வீடு கட்டுவது நின்றுபோனது. வீடு கட்டாவிட்டால் பலகை அறுக்க மாட்டார்கள். பலகை அறுக்காவிட்டால் தூள் ஏது? தூள் என்பது வேறொரு தொழிலின் மிச்சம். மிச்சத்துக்கு ஆர்டர் கொடுத்து உற்பத்தி செய்ய முடியாது. எண்ணெய் விலை ஏறும் சமயத்தில்தான் இதற்கும் தட்டுப்பாடு வருகிறது, ஏனென்றால் அப்போதுதான் எல்லோருக்கும் இது ஞாபகம் வருகிறது. செங்கோட்டையில் நாலணா முக்கால் ரூபாய் ஆன கதையேதான்.

2022இல் ஐரோப்பாவிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ரஷ்ய, பெலாரஸ் பெல்லட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ஜெர்மனியில் ஒரே வருஷத்தில் விலை இரண்டு மடங்குக்கும் மேலே போனது. எரிவாயு விலையிலிருந்து தப்பிக்க பெல்லட்டுக்கு மாறியவர்கள் அங்கேயும் மாட்டிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை, "அரசு வரிச்சலுகை தருது அத்தை" என்றார். அப்போது தந்தது, உண்மைதான். ஆனால் சலுகையைக் கணக்குத் தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வட அயர்லாந்தைப் படிக்க வேண்டும். அங்கே 2012இல் மரத்தூள் பாய்லர்களுக்கு ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தார்கள். உண்டாக்குகிற ஒவ்வொரு யூனிட் சூட்டுக்கும் பணம். அந்தப் பணம் பெல்லட் செலவைவிட அதிகம். இங்கிலாந்தில் இருந்ததுபோல், இவ்வளவு யூனிட்டுக்கு மேல் போனால் மானியம் குறையும் என்ற படிநிலையும் வைக்கவில்லை. நாலு ரூபாய்க்கு வாங்கி எரித்தால் ஆறு ரூபாய் கிடைக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லுங்கள், என்ன செய்யும்? ராத்திரி பகல் எரிக்கும். காலிக் கொட்டகையைச் சூடாக்குகிறார்கள் என்றே புகார் வந்தது. 2016 பிப்ரவரியில் திட்டத்தை மூடினார்கள். இருபது வருஷத்தில் 49 கோடி பவுண்டு நஷ்டம் வரும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் ராஜினாமா செய்ய, ஆட்சியே விழுந்தது. வேறு தகராறுகளும் சேர்ந்துகொள்ள மூன்று வருஷம் அங்கே அரசாங்கம் இல்லை. குப்பைத் தூள் ஒரு அரசையே சாய்த்த கதை!

இரண்டு நடைமுறை விஷயமும் இருந்தன. பெல்லட் அடுப்பின் திருகாணிக்கும் காற்றாடிக்கும் கரண்ட் வேண்டும். எங்கள் தகர அடுப்புக்கு அந்தக் கவலை கிடையாது. 2008 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் உறைமழை பெய்து மின்கம்பிகளெல்லாம் ஐஸ் கனத்தில் அறுந்தன. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சில இடங்களில் இரண்டு வாரம். அந்த நிலையில் எண்ணெய் பாய்லரும் ஓடாது, பெல்லட்டும் ஓடாது. அடுத்தது சுமை. 50 மூட்டை சேர்ந்தால் ஒரு டன், மூட்டை 18 கிலோ. எண்ணெயை முழுக்க நிறுத்தினால் ஆறு டன், 300 மூட்டை. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே முதுகுவலி.

புகை விஷயத்தை மகளும் நானும் பேத்தியின் டாக்டரிடமே போய்க் கேட்டோம். அடைத்த அடுப்பு, புகை குழாய் வழியே வெளியே போகிறது என்றால் பெரிய பயமில்லை. மூட்டையைக் கொட்டும்போது கிளம்புகிற தூசி, சாம்பல் அள்ளுவது, இந்த இரண்டுக்கும் குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது என்றார். பெல்லட்டை மூடிய அறையில் மொத்தமாகக் கொட்டிவைத்தால் கார்பன் மோனாக்சைடு கசியும், ஐரோப்பாவில் அதனால் உயிர்கள் போயிருக்கின்றன என்று நானும் படித்திருந்தேன். மூட்டையாகக் கார் ஷெட்டில் வைப்பது என்று பேசிக்கொண்டோம்.

பதினோராம் நாள் ராத்திரி சொன்னேன். "அடுப்பு வாங்கறதா இருந்தா வாங்குங்க. பாய்லரைக் கழற்றாதீங்க. லாபம்னு நினைச்சு வாங்காதீங்க. ரெண்டு அடுப்பு இருந்தா எது விலை ஏறினாலும் இன்னொண்ணு இருக்கும். அதுக்காக வாங்குங்க. அதுக்கு முன்னால, சூடு எங்கே போகுதுன்னு யாரையாவது கூப்பிட்டுப் பாருங்க."

மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வாத்தியாரம்மா பரீட்சை வைத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

ஆள் வந்து பார்த்தார். பரண் முழுக்க ஓட்டை. சூடெல்லாம் கூரை வழியே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் அடுப்பு எதுவும் வாங்கவில்லை. கடைகளில் இருப்பும் இல்லை. பரணில் மட்டும் பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்கிற பஞ்சு மாதிரி ஒன்றை ஓரடிக்கு மேல் கனமாகப் பரப்பினார்கள். 700 காலன் 560 ஆகக் குறைந்தது. ரம்ஃபோர்டு வாத்தியாருக்கு ஒரு கும்பிடு.

2023 கோடையில் ஹாலுக்குப் பெல்லட் அடுப்பு வந்தது. பொருத்துக் கூலியோடு 5,000 டாலர், வரிச்சலுகை போக 3,500. இரண்டு டன் பெல்லட், 100 மூட்டை, விலை இறங்கியிருக்கும் ஜூன் மாதத்திலேயே வாங்கிவிட்டார்கள். கரண்ட் போனால் சமாளிக்க ஒரு சின்ன ஜெனரேட்டரும் வாங்கினார்கள். ஆனால் அதற்குள் எண்ணெய் விலை 3.50 டாலருக்கு இறங்கிவிட்டது. இரண்டு டன் பெல்லட் 700 டாலர். அது மிச்சப்படுத்துகிற 240 காலன் எண்ணெய் 840 டாலர். வருஷத்துக்கு 140 டாலர் லாபம். அடுப்புக் காசு திரும்பி வர இருபத்தைந்து வருஷம் ஆகும்! போனில் இதைச் சொல்லிச் சிரித்தபோது மாப்பிள்ளை, "அத்தை, நீங்கதானே லாபத்துக்கு வாங்காதீங்கன்னு சொன்னீங்க" என்றார். மடக்கிவிட்டார்.

மகள் அடுத்து ஹீட் பம்ப் என்று ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாள். ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி, வெளிக்குளிரிலிருந்தே சூட்டை உறிஞ்சி உள்ளே தருகிற இயந்திரமாம். பக்கத்து மெய்ன் மாநிலத்தில் 2023க்குள் ஒரு லட்சத்துக்கு மேல் பொருத்திவிட்டார்களாம். அங்கே கரண்ட் விலையும் ஏறிக் கிடக்கிறது. அதைப் பற்றி நான் இன்னும் படிக்கவில்லை.

போன மாதம் பேத்தி ஊருக்கு வந்தாள். ஏழு வயது ஆகிவிட்டது. வீசிங் குறைந்திருக்கிறது. "பாட்டி, நீங்க செஞ்ச அடுப்பைக் காட்டுங்க" என்று ஒரே பிடிவாதம். பழைய பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். முதலாளி என்னிடம் படித்த பையன்தான். "டீச்சர், தூள் எல்லாம் எரிகட்டி பண்ற கம்பெனிக்கு முன்பணம் வாங்கியாச்சு. லாரி வந்து மொத்தமா அள்ளிட்டுப் போகுது. உங்களுக்குன்னா ஒரு மூட்டை தாரேன்" என்றான். காசு எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "நூத்தம்பது குடுங்க டீச்சர்" என்றான். கொடுத்தேன்.

கொல்லையில் காற்று பார்த்து, பேத்தியைத் தள்ளி நிற்க வைத்து, பாட்டிலை நடுவில் நிறுத்தி இறுக்கினோம். அவள்தான் உருவினாள். பாதியிலேயே சரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். கொட்டிவிட்டு மறுபடி அடைத்தோம். நீங்கள் பார்த்த படம் இரண்டாவது தடவை எடுத்தது.